நேரசூசியில் இல்லாத வேலை: எங்கள் ஆசிரியர்கள் ஏன் களைத்துப்போகிறார்கள்?

உவர்மலை ரீச்சர் | ஞாயிறு, இரவு 9.20

திருகோணமலை மாவட்டத்தில் படிப்பிக்கிறவர்கள், படிப்பித்து ஓய்வுபெற்றவர்கள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறவர்கள் எல்லோரும் பேச வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஆசிரியர் அறையில் நன்றாகப் படிப்பிக்கிறவர்கள்தான் முதலில் ஒதுங்குகிறார்கள். ஒருவர் முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் சம்பளமில்லா விடுமுறை எடுத்துக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். மூன்றாமவர் வருகிறார், கையொப்பம் இடுகிறார், வகுப்புக்குப் போகிறார். ஒரு காலத்தில் ஆய்வுகூடத் தரையில் பிள்ளைகளோடு குந்தியிருந்து மண்புழுவைக் காட்டிப் படிப்பித்தவர் அவர். இன்றைக்குப் பலகையில் குறிப்பை எழுதிப் போட்டுவிட்டுக் கதிரையில் இருக்கிறார். பிள்ளை சந்தேகம் கேட்டால், 'புத்தகத்தில் இருக்கிறது, பார்' என்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

படிப்பித்ததால் இவர்கள் இப்படி ஆகவில்லை என்பது என் உறுதியான எண்ணம். படிப்பித்தலைச் சுற்றிக் குவிந்த வேலைதான் இவர்களைத் தின்றது. இடாப்பு, பாடக்குறிப்பு, பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள், முன்னேற்ற அறிக்கை, சத்துணவு மேற்பார்வை, வாயிற் கடமை, டெங்குக் குழு, ஒழுக்காற்றுக் குழு, தமிழ்த்தினப் போட்டிப் பயிற்சி, வாணி விழா. ஒவ்வொன்றும் தேவையானதுதான். ஆனால் இவற்றில் ஒன்றுக்குக்கூட நேரசூசியில் ஒரு பாடவேளை ஒதுக்கப்படவில்லை.

ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்குக் கிட்ட வட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: 'தங்கள் வகுப்பில் பாதணி வவுச்சர் பெறும் மாணவர்களின் விபரத்தை அளவு வாரியாக நாளை காலை 8 மணிக்கு முன் தரவும். அவசரம்.' அந்த நேரத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளின் சப்பாத்து அளவை யாரிடம் கேட்பது? தாய்மாரின் இலக்கங்களைத் தேடி ஒவ்வொருவராக அழைக்கிறோம். பாதிப் பேர் நித்திரை. ஒரு தகப்பன் கடலில். ஒரு தாய் பிள்ளையின் பழைய சப்பாத்தைத் தேடி எடுத்து அடியில் இருக்கும் எண்ணை வாசிக்கிறார், அது அழிந்திருக்கிறது. இதே விபரத்தை முந்தைய தவணையிலும் கொடுத்திருந்தோம். அந்தத் தாள் எந்தக் கோவையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

உங்கள் பாடசாலைகளில் எப்படி? எதை முதலில் நிறுத்தலாம் என்று நினைக்கிறீர்கள்?

---

தம்பலகாமம் கணக்கு | ஞாயிறு, இரவு 10.05

ரீச்சர், நகரப் பாடசாலையில் வேலையைப் பங்கிட ஆளாவது இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சிறிய பாடசாலைகளில் 6 முதல் 11 வரை கணிதத்துக்கு ஒரே ஒருவர். அவர் லீவு எடுத்தால் ஆறு வகுப்புகளிலும் அன்று கணக்கு இல்லை. இது தெரிந்ததால் காய்ச்சலோடும் வருகிறார்.

நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஒரு ஆசிரியருக்குச் சராசரியாக இருபதுக்கும் குறைவான மாணவர்கள்தான். இந்தக் கணக்கைக் காட்டித்தான் ஆளணி போதும் என்கிறார்கள். சராசரியைப் படிப்பித்துப் பிழைக்கிறவன் நான், அதனால் சொல்கிறேன்: ஓரிடத்தில் நாற்பத்தைந்து பிள்ளைகளும் இன்னோரிடத்தில் எட்டுப் பிள்ளைகளும் இருந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும். எந்தப் பாடத்துக்கு எந்த ஊரில் ஆள் இல்லை என்பதை அந்த எண் சொல்லாது.

பதில் பாடவேளையைப் பற்றியும் பேச வேண்டும். வெறும் பாடவேளை என்று நேரசூசியில் காட்டப்படுவது கொப்பி திருத்தவும் அடுத்த பாடத்தை ஆயத்தப்படுத்தவும் உள்ள நேரம். காலை ஒன்பது மணிக்குள் ஒரு துண்டு வரும்: '9 ஆ, 4ஆம் பாடவேளை'. யாரோ ஒருவர் வரவில்லை, அவருடைய வகுப்பைப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டு வராத நாள் அரிது. அதனால் கொப்பிகள் வீட்டுக்கு வருகின்றன.

---

நிலாவெளித் தகப்பன் | திங்கள், காலை 6.15

நான் ஆசிரியர் இல்லை. ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறேன். மனதில் உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

பாடசாலை 1.30க்கு விடுகிறது. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறை உங்களுக்கு உண்டு. நான் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறேன், சுற்றுலாப் பருவத்தில் ஞாயிறும் இல்லை. களைத்துப்போனேன் என்று சொன்னால் அடுத்த நாள் வேறொருவன் என் இடத்தில் நிற்பான். அதே ஆசிரியர்கள் பின்னேரம் மூன்று மணிக்குப் பிரத்தியேக வகுப்பில் உற்சாகமாகப் படிப்பிக்கிறார்கள். காலையில் பாடசாலையில் முடிக்காத அலகு மாலையில் காசுக்கு முடிகிறது. என் மகளுக்கு மாதாமாதம் மூன்று பாடத்துக்குக் கட்டுகிறேன். களைப்பு எந்த நேரத்தில் வருகிறது, எந்த நேரத்தில் போகிறது என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

---

உவர்மலை ரீச்சர் | திங்கள், பிற்பகல் 3.40

அண்ணா, கேட்டது நல்லது. ஊரில் எல்லோரும் மனதுக்குள் நினைப்பதை நீங்கள் வெளியே சொன்னீர்கள்.

1.30க்கு மணி அடிக்கிறது, உண்மை. நாலு வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவரிடம் வகுப்புக்கு நாற்பது கொப்பி என்று வைத்தால் 160 கொப்பி. ஒரு கொப்பிக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் எட்டு மணித்தியாலம். மூன்று நிமிடத்தில் சரி, பிழை போடலாம். பிள்ளை ஏன் பிழைவிட்டது என்று கண்டுபிடிக்க அது போதாது. அந்த எட்டு மணித்தியாலம் எந்த நேரசூசியிலும் இல்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் விடுமுறையில்தான் திருத்தப்படுகின்றன. பொதுப் பரீட்சைக் கடமைகளும் விடுமுறைகளைத் தின்கின்றன.

பாடசாலையில் வேண்டுமென்றே அலகை முடிக்காமல் மாலையில் காசு வாங்குகிறவரை நான் பாதுகாக்கமாட்டேன். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அநியாயம். ஆனால் என் அறையில் இருக்கும் பெண் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பிரத்தியேக வகுப்பு நடத்துவதில்லை. அவர்கள் பின்னேரம் வீட்டில் சமைக்கிறார்கள், மாமியாரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள், இரவில் கொப்பியோடு இருக்கிறார்கள். நீங்கள் வீதியில் காணும் விளம்பரப் பலகைகளில் இவர்களுடைய படம் இல்லை.

---

சங்கத்து ஆள் | திங்கள், மாலை 5.10

பிரத்தியேக வகுப்பைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தைப் பேசாமல் விட முடியாது. ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு இந்த நாட்டில் 1990களிலிருந்து இழுபடுகிற விடயம். 2021 ஜூலை 12ஆம் திகதி இணையவழிக் கற்பித்தலிலிருந்து ஆசிரியர்கள் விலகினார்கள், ஒக்டோபர் பிற்பகுதியில்தான் வகுப்புக்குத் திரும்பினார்கள். கேட்டதில் ஒரு பகுதி 2022 ஜனவரியில் சேர்ந்தது. அந்த வருடமே விலைவாசி ஏறி அதை விழுங்கிவிட்டது. மிச்சத்தைக் கேட்டு 2024 ஜூன் 26ஆம் திகதி கொழும்பில் இறங்கியவர்கள் மீது கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் அடித்தார்கள்.

சம்பளம் போதாததால் இரண்டாவது வேலை. இரண்டாவது வேலையால் களைப்பு. அந்தக் களைப்பு முதல் வேலையில் தெரிகிறது. தகப்பன் ஐயா, உங்கள் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இது.

---

ஏ-15 பயணி | திங்கள், இரவு 8.30

நான் நகரத்தில் வீடு, வெருகல் பக்கம் வேலை. விடிவதற்கு முன் பஸ். கைக்குழந்தை உண்டு. எழுப்பாமல் வைத்துவிட்டு வருகிறேன், அது விழித்து அழுகிற நேரம் நான் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியிருப்பேன்.

எங்கள் கையொப்பப் புத்தகத்தில் 7.30க்குச் சிவப்புக் கோடு போடப்படுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே பெயர் எழுதுவதன் அவமானம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பஸ் இடையில் பழுதாகி நின்றது, மழையில் வீதியை வெள்ளம் மூடியது, எதையும் அந்தக் கோடு கேட்காது. பஸ்ஸில் பத்துப் பதினைந்து பேர் ஆசிரியர்களாக இருப்போம். ஏழு மணிக்குப் பின் ஒருவரும் பேசமாட்டோம். எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

வகுப்பில் நுழைந்தவுடன் பிள்ளைகள் 'வணக்கம் ரீச்சர்' என்று எழும்புகிறார்கள். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லும் தெம்பு வர எனக்கு இரண்டாம் பாடவேளை ஆகிறது. கஷ்டப் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கு அரைத் தெம்போடு ஒரு ஆசிரியரை அனுப்புவது எந்த நியாயம்? பாடசாலைக்குப் பக்கத்தில் நாலு அறையோடு ஒரு விடுதி இருந்தால் கிழமை நாட்களில் பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவேன். சம்பளத்தில் ஒரு ரூபாயும் கூடக் கேட்கவில்லை.

---

பழைய அதிபர் | செவ்வாய், காலை 7.00

பிள்ளைகளே, எல்லோருடைய கருத்தையும் வாசித்தேன்.

நான் படிப்பித்த காலத்தில் மூதூருக்கு லாஞ்சில் போவோம். கடல் கொந்தளித்தால் அன்று போக்குவரத்து இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. யுத்தத்தில் பாடசாலைகள் இடம்பெயர்ந்தன, 2004இல் கடல் வந்தது, 2006இல் மூதூர் முழுவதும் எழும்பி ஓடியது. முகாமில் மரத்தடியில் பலகையைச் சாய்த்து வைத்துப் படிப்பித்தோம். யாரும் களைத்துப்போனேன் என்று எழுதிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் உடைந்து நிற்கக்கூடாது என்ற ஒரு வைராக்கியம் இருந்தது. அது இன்றைக்கும் வேண்டும் என்று நம்புகிறேன்.

ஆனால் உவர்மலை ரீச்சர் சொன்ன ஒன்றை ஏற்கிறேன். அந்த மரத்தடியில் எங்களிடம் ஒருவரும் படிவம் கேட்கவில்லை. இடாப்பு, பாடக்குறிப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுவதும் பிள்ளையோடு.

அதிபர்களைத் திட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். பல பாடசாலைகளில் எழுதுவினைஞர் இல்லை. மாகாண அலுவலகம் கேட்கும், வலயம் கேட்கும், கோட்டம் கேட்கும், பிரதேச செயலகம் கேட்கும், சுகாதாரத் திணைக்களம் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அதிபர் பதில் சொல்ல வேண்டும். அவர் இரவு பத்து மணிக்குக் குழுவில் போடுகிறார் என்றால் ஒன்பதரைக்கு அவருக்கு மேலிருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். குறையைச் சொல்வதானால் படிவம் பிறக்கும் இடத்தில் சொல்லுங்கள்.

---

புது நியமனம் | செவ்வாய், இரவு 11.15

ஐயா, உங்கள் மீது மரியாதையோடு எழுதுகிறேன். நீங்கள் சொன்ன வைராக்கியத்தைத்தான் எங்கள் தலையில் வைக்கிறார்கள்.

எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. அதனால் எல்லாம் எனக்கு. 'நீ தனி ஆள்தானே பிள்ளை, வீட்டில் என்ன வேலை?' இந்த வசனத்தோடு வராத பொறுப்பு எனக்கு வந்ததில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு என்னை ஓர் இல்லத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். மூன்று கிழமை, பின்னேரம் முழுக்க மைதானம். நடைபயிற்சி, அஞ்சல் ஓட்டம், உடற்பயிற்சிக் கண்காட்சி. கடைசி இரண்டு நாள் இல்ல அலங்காரம். பிள்ளைகளிடம் சேர்த்த காசு மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் சரியாகிவிட்டது. கிரேப் தாளும் பசையும் துணியும் என் சம்பளத்தில் வாங்கினேன். மற்ற இல்லங்களின் பொறுப்பாசிரியர்களும் அப்படித்தான். கோபுரம் மாதிரி ஒன்று கட்டினோம், பிள்ளைகள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்பதை என்னால் எழுத முடியாது. அந்தச் சந்தோஷம் உண்மை. அதனால்தான் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த மூன்று கிழமையும் நான் படிப்பித்தது வரலாறு. தயார்ப்படுத்தாமல் போய் வாசித்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் கொடிக்கம்பத்தில் ஒரு நிறக் கொடி ஏறப் பிந்தியதற்குக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

பரிசளிப்பு விழாவில், 'இரவு ஏழு மணிவரை நின்று உழைத்த எங்கள் இளம் ஆசிரியை' என்று பாராட்டினார்கள். கைதட்டல் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஏழு மணிவரை ஒருவரை நிற்க வைத்ததைப் பாராட்டாக வாசிக்கிறார்கள். அடுத்த வருடம் எட்டு மணிவரை நிற்கிறவரைத் தேடுவார்கள்.

---

கிண்ணியா ஐந்தாம் தரம் | புதன், காலை 5.50

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு சுபஹ் தொழுகைக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் தரத்துக்கு வகுப்பாசிரியராக இருப்பதென்றால் வருடம் முழுக்கப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்னால் நிற்பது. காலை ஆறரைக்கு ஒரு வகுப்பு, பாடசாலை முடிந்து நாலு மணிவரை ஒரு வகுப்பு, சனிக்கிழமை மாதிரி வினாத்தாள். சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்துப் பாடசாலை செய்கிறது, அதனால் நாமும் செய்கிறோம். அவர்கள் ஆறரைக்குத் தொடங்கினால் நாங்கள் ஆறேகாலுக்கு. பத்து வயதுப் பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டு கணக்குச் செய்கிறது. அதன் முன்னால் நானும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.

பெறுபேறு வந்த மறுநாள் பாடசாலை மதிலில் பதாகை. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளின் முகங்கள் பெரிதாக. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையும் அதே வாசலால்தான் உள்ளே வருகிறது. அந்தப் பிள்ளை பதாகையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போவதை நான் வருடாவருடம் பார்க்கிறேன். அது எத்தனை கூட்டல் கற்றது, வருடத் தொடக்கத்தில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்து இப்போது கதை வாசிக்கிறது, இதை எந்தப் பதாகையில் போடுவது? வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்ற ஒரே எண்ணால்தான் என்னை அளக்கிறார்கள். வேலையைவிட அந்த எண்தான் என்னைக் களைக்க வைக்கிறது.

அதிபர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பாடசாலை வளவுகளைத் துப்புரவாக்கினோம், ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனோம். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். அடுத்த நாள் வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் இந்த ஊர் ஆசிரியர்கள். எங்களிடம் வைராக்கியம் இல்லை என்று சொல்லாதீர்கள். இடருக்கு நிற்பது வேறு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையையும் இடராக்கி வைத்திருப்பது வேறு.

---

மனநலத் தாதி | புதன், பிற்பகல் 2.20

வைத்தியத் துறையில் இருக்கிறேன், ஆசிரியர்களை அடிக்கடி காண்கிறேன். தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிவு என்று வருவார்கள். பேசிக்கொண்டு போனால் பாடசாலை வெளியே வரும்.

வேலையால் இப்படி வற்றிப்போகும் நிலையை ஆங்கிலத்தில் 'burnout' என்பார்கள். 1974இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். பிறகு கிறிஸ்டினா மஸ்லாக் அதை அளக்க ஒரு கருவி செய்தார், 1981இல் அது வெளிவந்தது. மூன்று பக்கங்கள் சொல்வார்: உள்ளம் வற்றிப்போதல், தான் பார்க்கும் மனிதர்களை ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்குதல், என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம். உவர்மலை ரீச்சர் குறிப்பிட்ட அந்த மூன்றாமவரில் மூன்றும் தெரிகின்றன. 'புத்தகத்தில் இருக்கிறது, பார்' என்பது இரண்டாவது பக்கம்.

உலக சுகாதார அமைப்பு 2019இல் இதைச் சர்வதேச நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் விளக்கியது. நோயாக அல்ல, தொழில் சார்ந்த ஒரு நிலையாக. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்று. இது முக்கியம். வேலையிலிருந்து வருவதை ஆளிடம் மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. ஆசிரியர்களுக்கு ஒரு நாள் யோகா செயலமர்வு வைத்து, அதையும் சனிக்கிழமை வைத்து, வரவு கட்டாயம் என்று அறிவித்தால் யாருக்குச் சுகம் வரும்?

ஆனால் சிலருக்கு இது மனச்சோர்வு நோயாகவும் மாறியிருக்கும். எழும்ப மனமில்லை, பிடித்ததும் பிடிக்கவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் தாமதிக்காமல் வைத்தியரைக் காணுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம். புது நியமனம் தங்கச்சி, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

---

லண்டன் திருமலையான் | புதன், இரவு 11.50

இங்கே இங்கிலாந்தில் ஒரு அரச பாடசாலையில் படிப்பிக்கிறேன். நம் ஊரில் படித்தவன். அங்கே வெளிநாட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே சேவை நிபந்தனைகளில் ஒரு எண் உண்டு: வருடத்துக்கு 195 நாட்கள், 1265 மணித்தியாலம். தலைமையாசிரியர் என்னை அதற்குள்தான் கட்டளையிட முடியும். கூட்டம், வாயிற் கடமை, பெற்றோர் சந்திப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 2005இலிருந்து கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு ஆயத்தத்துக்கும் திருத்தலுக்கும் என்று நேரசூசியிலேயே ஒதுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் பதில் வகுப்புக்கு அனுப்பக்கூடாது.

அப்படியிருந்தும் இங்கே ஆசிரியர்கள் கூட்டமாக விலகுகிறார்கள். ஏனென்றால் அதே ஆவணத்தில், கடமையைச் செய்து முடிக்கத் தேவையான நியாயமான மேலதிக நேரமும் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு வசனம் இருக்கிறது. அந்த வாசலால் எல்லாம் உள்ளே வந்துவிட்டது. மேற்பார்வைக்குப் பயந்து பாடசாலைகள் ஆவணம் ஆவணமாகக் கேட்கின்றன. ஆகவே எல்லை எழுதப்பட வேண்டும், எழுதினால் மட்டும் போதாது. ஆயத்த நேரத்தில் கை வைக்கக்கூடாது என்ற அந்தப் பத்திலொரு பங்கை மட்டும் முதலில் கேளுங்கள். இங்கே எங்களுக்கு உண்மையில் உதவியது அதுதான்.

---

சங்கத்து ஆள் | வியாழன், காலை 6.40

இலங்கையில் இதைக் கேட்க வேறு அடித்தளமும் உண்டு. 1966 ஒக்டோபர் 5ஆம் திகதி யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஆசிரியர் அந்தஸ்து பற்றிய பரிந்துரை. உலக ஆசிரியர் தினம் வருவதே அந்தத் திகதியால்தான். அதன் 90ஆவது பந்தி கற்பிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும்போது எவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்கிறது: எத்தனை மாணவர், பாட ஆயத்தத்துக்கும் மதிப்பீட்டுக்கும் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை வெவ்வேறு பாடங்கள், பாட இணைச் செயற்பாடுகள், பெற்றோரைச் சந்திக்கும் நேரம். நாங்கள் இங்கே ஐந்து நாளாகப் பேசுவதெல்லாம் அந்தப் பந்தியில் இருக்கிறது. ஆசிரியர் தினத்தில் பூச்செண்டு தருகிறவர்கள் அதை ஒருமுறை வாசித்துவிட்டுத் தரட்டும்.

---

நிலாவெளித் தகப்பன் | வியாழன், இரவு 9.00

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக வேலைக்கிடையில் வாசித்தேன்.

என் கோபம் முழுதாகப் போகவில்லை. என் மகளுக்கு ஒரே வருடத்தில் கணித ஆசிரியர் மூன்று தடவை மாறினார். நீங்கள் ஓய்வு கேட்டாலும் இடமாற்றம் கேட்டாலும் லண்டன் போனாலும் மிச்சமாக நிற்பது என் பிள்ளைதான். அதை மறக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிபட்டது. டெங்குத் துப்புரவு, சத்துணவைப் பங்கிடுவது, இல்ல அலங்காரத்துக்குக் கம்பு நடுவது, இவற்றை ஏன் கணித ஆசிரியர் செய்ய வேண்டும்? எங்களைக் கேட்டால் வருவோம். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது காசு கேட்க மட்டும்தான் என்று ஆகிவிட்டது. வேலை கேளுங்கள். எங்கள் ஊரில் பந்தல் போடத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு பின்னேரத்தில் முடித்துத் தருவோம். தங்கச்சி, உங்கள் சம்பளத்தில் கிரேப் தாள் வாங்கியது எனக்கு மனதை உறுத்துகிறது.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். மிச்சமாகும் நேரத்தைப் பிள்ளையின் கொப்பியில் காட்டுங்கள்.

---

உவர்மலை ரீச்சர் | அடுத்த வியாழன், இரவு 8.10

இந்த இழையில் வந்தவற்றை வைத்து எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சிறிய வேலை செய்தோம். ஒரு கிழமைக்கு, நேரசூசியில் இல்லாத வேலை எதைச் செய்தாலும் அதை ஒரு தாளில் எழுதினோம். குறை சொல்ல அல்ல, எழுதி மட்டும் வைக்க. எழுதியவர்களே வாசித்துப் பார்த்துத் திகைத்தார்கள். வெவ்வேறு படிவங்களில் ஒரே விபரத்தை மீண்டும் மீண்டும் எழுதியிருந்ததை முதல்முறையாக ஒரே மேசையில் வைத்துப் பார்த்தோம்.

அந்தத் தாள்களை அதிபரிடம் கொடுத்தோம். பழைய அதிபர் ஐயா சொன்னதை நினைவில் வைத்து, அவரும் தன் தாளை எழுத வேண்டும் என்று கேட்டோம். எழுதினார். எங்களுடையதைவிட நீளம்.

கூட்டத்தில் இரண்டு விடயம் தீர்மானமானது. இரவு ஏழு மணிக்குப் பின் குழுவில் வேலை போடுவதில்லை. மேலிருந்து வந்தாலும் காலையில் போடப்படும். பிள்ளையின் பாதுகாப்புச் சம்பந்தப்பட்டது மட்டும் விதிவிலக்கு. அடுத்தது, ஒவ்வொருவருக்கும் கிழமைக்கு இரண்டு பாடவேளை ஆயத்தத்துக்கு என்று நேரசூசியில் கட்டம் போட்டுக் குறிக்கப்படும். அதில் பதில் வகுப்புத் துண்டு வராது. மாணவர் விபரத்தை ஒரே கோவையில் கணினியில் வைக்கும் பொறுப்பை உயர்தரம் முடித்த பழைய மாணவர்கள் இருவர் எடுத்திருக்கிறார்கள்.

மேலதிக வகுப்பைக் குறைப்பது பற்றிய பேச்சு சண்டையில் முடிந்தது. பக்கத்துப் பாடசாலை நிறுத்தினால் நாமும் நிறுத்தலாம் என்பதே பதில். கிண்ணியா ரீச்சர், அதை ஒரு பாடசாலை தனியாகச் செய்ய முடியாது என்று இப்போது எனக்கும் தெரிகிறது. வலயத்துக்குள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் தீர்மானம் வேண்டும். எழுத்தில் கேட்கப் போகிறோம்.

---

தம்பலகாமம் கணக்கு | அடுத்த வியாழன், இரவு 8.45

ரீச்சர், அந்தத் தாளில் என்னென்ன நிரல் போட்டீர்கள்? எங்கள் பாடசாலையிலும் செய்யலாம் என்று இருக்கிறோம். ஆறு பேர்தான், என்றாலும் செய்வோம்.

---

உவர்மலை ரீச்சர் | அடுத்த வியாழன், இரவு 9.05

சேர், ஐந்து நிரல்: திகதி, வேலை, கேட்டது யார், எடுத்த நேரம், இதே விபரம் முன்பு கொடுக்கப்பட்டதா. கடைசி நிரலைக் கட்டாயம் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம், பாடசாலையின் பெயரும் வேண்டாம். நகரம், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி எங்கிருந்து வந்தாலும் சேர்த்து ஒரே தொகுப்பாக்குவோம். மேலதிக வகுப்பு பற்றிய கடிதத்தோடு அதையும் இணைத்துத்தான் கொடுக்கப் போகிறோம். இம்மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள்.